நீங்கிய காரணம்

அன்புள்ள ஐயா,

பல்லாவரத்தை ஒட்டிய அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றின் பழைய மாணவன் நான். பள்ளி வரலாற்று மலர் ஒன்று கொண்டுவர எங்கள் முன்னாள் மாணவர்கள் தீர்மானித்து, தொகுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு சிக்கல். தொடக்கப் பள்ளியாக ஆரம்பித்த ஆண்டு ஒன்று, உயர்நிலையான ஆண்டு ஒன்று, மேல்நிலையான ஆண்டு ஒன்று. எதைத் தொடக்கமாகக் கொள்வது என்று இரண்டு மாதமாகக் குழுவில் சண்டை. முதல் கட்டுரையை, ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி கண்டெடுத்ததிலிருந்து தொடங்க நினைக்கிறேன். பிறகு தலைமையாசிரியர்கள் வரிசை, உயர்பதவிக்குப் போன மாணவர்கள், கடைசியாகப் பள்ளி தன் பழைய தரத்தை இழந்த கதை. என் பேரன்கூட இப்போது சிபிஎஸ்இ பள்ளியில்தான் படிக்கிறான். உங்கள் ஆலோசனை வேண்டும்.

க.

அன்புள்ள க.,

என் அக்கா போன மாதம் எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். அவளுடைய தகரப் பெட்டியிலிருந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்த நாளில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

ஆண்டுச் சண்டைக்கு இரண்டு மாதம் அதிகம். மூன்று ஆண்டுகளையும் அச்சிடுங்கள். பள்ளியின் பழைய ரப்பர் முத்திரைகளைத் தேடி எடுத்து வரிசையாகப் போட்டால் அதுவே ஒரு பக்க வரலாறு. ஜில்லா போர்டு பள்ளியாக இருந்திருந்தால் அந்த முத்திரை, பிறகு அரசினர் உயர்நிலைப் பள்ளி, பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. போய் 1978இல் மேல்நிலை வகுப்பு வந்த பிறகு அரசினர் மேல்நிலைப் பள்ளி. மாவட்டத்தின் பெயரும் செங்கற்பட்டு என்றிருந்து, 1997இல் காஞ்சிபுரமாகி, 2019இல் மறுபடி செங்கல்பட்டானது.

ஃபுட்டை விட்டுவிடுங்கள். 1863 மே 30 அன்று அவர் எடுத்த கல்லைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். பல்லாவரத்துக் கல்லைப் பற்றித்தான் எழுத வேண்டுமென்றால் அதை உடைத்தவர்களைப் பற்றி எழுதுங்கள். பல்லாவரம், திரிசூலம் குவாரிகளில் பாறை பிளந்து ஜல்லி உடைத்தவர்களின் பிள்ளைகள் நம் பக்கத்துப் பள்ளிகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் நடுவிலேயே காணாமல் போனார்கள். அவர்கள் பெயர் எந்த மலரில் வந்திருக்கிறது?

தரம் போய்விட்டது என்ற கட்டுரையை நீங்கள் எழுதக் கூடாது. கோபமாகவே சொல்கிறேன். எண்பதுகளில் மெட்ரிகுலேஷன் பள்ளிகள் தெருத்தெருவாக முளைத்தபோது குமாஸ்தா வீட்டுப் பிள்ளைகளும் வாத்தியார் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே போனார்கள். கேள்வி கேட்கத் தெரிந்த பெற்றோர்கள் மொத்தமாக வெளியேறினார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று தலைமையாசிரியர் அறைக்குப் போய்ச் சத்தம்போட ஆளில்லை. நாம் காலிசெய்த பெஞ்சுகளில் இன்று சித்தாள் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பத்துப் பிள்ளைகள் அ, ஆ எழுதுகிறார்கள். பேரனை எங்கே சேர்ப்பது என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் வீட்டைவிட்டுப் போனவர், உள்ளே குடியிருப்பவர்களைப் பார்த்து வீடு பாழாகிவிட்டது என்று எழுதுவது அநியாயம்.

நன்கொடையாளர்களை மறக்காதீர்கள். 1958இல் தொடங்கிப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. காமராஜர் முதலமைச்சர், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர். ஊர்க்காரர்கள் மேடையேறி நிலம், மேசை, நாற்காலி, சுவர்க்கடிகாரம், பூகோளப்படம் என்று முடிந்ததைக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களின் பெயர்க்கற்கள் உங்கள் பள்ளிச் சுவரில் சுண்ணாம்புக்கு அடியில் கிடக்கலாம். சுரண்டிப் பாருங்கள்.

நான் உண்மையில் சொல்ல வந்தது வேறு. உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. சேர்க்கைப் பதிவேடு.

பள்ளியில் இருப்பதிலேயே பழைய புத்தகம் அதுதான். சேர்க்கை எண், பெயர், தகப்பன் பெயர், தொழில், சாதி, பிறந்த தேதி, எந்தப் பள்ளியிலிருந்து வந்தார், சேர்ந்த வகுப்பு, நீங்கிய நாள், நீங்கிய காரணம். ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. தலைமையாசிரியர் படங்களை மாட்டிவைத்துப் பள்ளியின் வரலாறு என்கிறோம். அவர்கள் மாற்றலில் வந்தார்கள், மாற்றலில் போனார்கள். இந்த வரிகளில் இருப்பவர்கள்தான் பள்ளி.

பிறந்த தேதிப் பத்தியைப் பாருங்கள். ஊரில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்திருப்பார்கள். வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. வாத்தியார் ஒரு ஜூன் தேதியை எழுதிக்கொள்வார். என் அக்கா மாசியில் பிறந்தவள். அவளுக்கும் ஜூன் 1 தான்.

காமராஜர் காலத்தில் ஐந்து மைலுக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளி என்று இலக்கு வைத்துப் பள்ளிகளைத் திறந்தார்கள். அதற்கு நான் செத்தாலும் நன்றி மறக்க மாட்டேன். எங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் அரை மைல்தான் தூரம். ஆனால் நடுவில் தண்டவாளம். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931 முதல் ஓடிய மின்சார ரயில்தான் எங்கள் ஊர்களையெல்லாம் வளர்த்தது. எங்கள் வீட்டில் அது ஒரு படிப்பை நிறுத்தியது. கேட் மூடியிருந்தால் பையன்கள் குனிந்து புகுந்து ஓடிவிடுவோம். தாவணி கட்டிய பெண் கேட் திறக்கும்வரை லாரிக்காரர்கள் முன்னால் நிற்க வேண்டும். பள்ளியில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அக்கா காலையில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள், மாலை வந்ததும் செம்பு செம்பாகக் குடிப்பாள். அப்பா தோல் ஷாப்பில் கணக்கெழுதினார். கெட்ட மனிதர் இல்லை. 1969இல், அவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, "நாளையிலிருந்து போக வேண்டாம்மா" என்றார். அவ்வளவுதான். திங்கட்கிழமை நான் மட்டும் தண்டவாளம் தாண்டிப் போனேன். அவள் ஏன் வரவில்லை என்று பள்ளியில் யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

ஏழு ஆண்டுகளுக்கு முன் அவளுடைய ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்த வேண்டியிருந்தது. பள்ளிச் சான்றுக்காக இருவரும் போனோம். அலுவலகத்தில் இருந்த இளம்பெண் பீரோவின் மேலிருந்து துணிமூட்டை ஒன்றை இறக்கிப் பொறுமையாகத் தேடினாள். கரையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது. அக்காவின் வரி தப்பியிருந்தது. நீங்கிய காரணம் என்ற இடத்தில் நீல மையில், "நெடுநாள் வருகையின்மை."

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தாள். "நான் வராமல் இருக்கவில்லையே, என்னை விடவில்லை" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். அந்தப் பெண் என்ன செய்வாள்? தன் நாற்காலியை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு நின்றாள்.

க., உங்கள் பள்ளியிலும் அப்படிப்பட்ட வரிகள் இருக்கின்றன. தகுதியான நான்கு பேரை உட்காரவைத்து ஒவ்வோர் ஆண்டாக எண்ணுங்கள். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர் எத்தனை பேர், பள்ளியிறுதி வரை வந்தவர் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர். தகப்பன் தொழிலில் "கூலி" என்று எழுதிய வரிகள் எந்த ஆண்டிலிருந்து பெருகுகின்றன. முதல் பெண் எப்போது சேர்ந்தாள். பள்ளிச் சம்பளம் இருந்த காலத்தில் கட்ட முடியாமல் பெயர் அடிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், சம்பளம் ஒழிந்த பிறகு அந்த எண்ணிக்கை என்ன ஆனது. பெண்களுக்குக் கழிப்பறை கட்டிய ஆண்டைக் கண்டுபிடித்து, அதற்கு முன்னும் பின்னும் ஒன்பதாம் வகுப்புப் பெண்களை எண்ணிப் பாருங்கள். இந்த ஒரு கணக்கை மட்டும் செய்தால்கூடப் போதும், மலரின் மற்றப் பக்கங்கள் எப்படியிருந்தாலும் நான் பொறுத்துக்கொள்கிறேன்.

பெயர்களை அச்சிடாதீர்கள். சாதிப் பத்தியை யாருக்கும் காட்டாதீர்கள். தலைமையாசிரியரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பதிவேட்டை வெளியே எடுத்துப் போகக் கூடாது, அங்கேயே படமெடுத்து ஒரு பிரதியைப் பள்ளிக்கே கொடுங்கள். பழைய தாளை வெயிலில் காயவைக்க யாராவது கிளம்புவார்கள், தடுத்துவிடுங்கள். ஒடிந்துபோகும்.

உயர்பதவிக்காரர்களின் பட்டியல் இருக்கட்டும், அவர்கள் விளம்பரம் தருவார்கள், அச்சுச் செலவுக்கு ஆகும். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

எண்ணும் நாளை எனக்குத் தெரிவியுங்கள். சனிக்கிழமையாக இருந்தால் நானும் வருகிறேன், அக்காவையும் அழைத்து வருகிறேன். அவளுடைய பள்ளி அதுவல்ல, தெரியும். பழைய கையெழுத்தைப் படிப்பதில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. அவளுக்குச் சாய்மானமுள்ள நாற்காலி ஒன்று எடுத்துவையுங்கள், பெஞ்சில் அதிக நேரம் உட்கார முடியாது.