கடைத்தொகுதி, சுற்றுலாத் தலம் இரண்டையும் விட்டால், சிங்கப்பூரில் விடுமுறையைக் கழிக்க உங்களுக்குப் பிடித்த வழி எது?

கடல் வற்றும் நேரம் பார்த்துக் கரைக்குப் போவதுதான். பதினோரு வருடமாக என் விடுமுறைகளில் பாதி அப்படித்தான் கழிகிறது.

நான் பிறந்தது தஞ்சாவூர் மாவட்டத்துச் சேதுபாவாசத்திரம் பக்கம். அப்பாவுக்குக் கடல் தொழில். கடல் உள்வாங்குவதை எங்கள் பக்கம் வத்தம் என்போம், ஏறி வருவதை ஏத்தம் என்போம். பாக் நீரிணை ஆழமில்லாத கடல், அங்கே இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கல்யாணமாகி இங்கு வந்த பிறகுதான், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இந்தத் தீவைச் சுற்றிக் கடல் மூன்று மீட்டர் வரை ஏறி இறங்குகிறது என்று தெரிந்துகொண்டேன். மூன்று மீட்டர் என்றால் ஒரு வீட்டின் கூரை உயரம். அவ்வளவு தண்ணீர் விலகும்போது, அடியில் மூடிக் கிடந்தது எல்லாம் வெளியே வந்துவிடும்.

முதல் தடவை பார்த்தது சாங்கிக் கடற்கரையில். பகலில் அங்கே போயிருப்பீர்கள்: சவுக்கு மரம், கூடாரம் போட்ட குடும்பங்கள், தலைக்கு மேலே தரையிறங்கும் விமானம். அதே இடத்துக்கு விடியற்காலை ஐந்து மணிக்குக் கைவிளக்கோடு போய்ப் பாருங்கள். வழக்கமாக அலை அடிக்கும் இடத்தைத் தாண்டி வெகுதூரம் ஈர மணல் கிடக்கும். அதில் இரண்டு கை அகலத்துக்குக் கம்பளம் விரித்தது போல் கடல் சாமந்தி, பார்க்கப் பூ மாதிரி இருக்கும் பிராணி. அதன் இழைகளுக்குள் கண்ணாடி போல் உடம்பு தெரியும் குட்டி இறால்கள். இளஞ்சிவப்பில் கடல் அட்டை. மணலுக்குள் பாதி புதைந்து மெல்ல நகரும் நட்சத்திர மீன். அதிர்ஷ்டம் இருந்தால், குட்டையிலிருந்து குட்டைக்கு நழுவிப் போகும், எட்டுக் கை கொண்ட பேய்க்கணவாய். இத்தனைக்கும் பின்னால் சரக்குக் கப்பல்களின் விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருக்கும். உலகத்திலேயே போக்குவரத்து மிகுந்த துறைமுகங்களில் ஒன்றின் ஓரத்தில் இவ்வளவு உயிர் இருக்கிறது என்பதை நம்ப எனக்குச் சில வாரங்கள் பிடித்தன.

எப்போது போவது என்று பலர் கேட்கிறார்கள். கடல்துறை, துறைமுக ஆணையம் ஆண்டுதோறும் ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணை, வெளியிடுகிறது. அதில் கடல்மட்டம் 0.4 மீட்டருக்குக் கீழே இறங்கும் நாள்களை மட்டும் நான் நாள்காட்டியில் வட்டம் போட்டு வைப்பேன். ஆண்டின் நடு மாதங்களில் அந்த ஆழமான வத்தம் பெரும்பாலும் விடிவதற்கு முன் வரும், ஆண்டுக் கடைசியில் பொழுது சாய்ந்த பிறகு. இன்றைக்கு வற்றும் நேரம் நாளைக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கரையில் இருங்கள், ஏத்தம் திரும்பியதும் மறுபேச்சின்றிக் கரை ஏறிவிடுங்கள். மணல்திட்டில் நிற்பவரைத் தண்ணீர் முதலில் முதுகுப் பக்கமாகத்தான் சுற்றி வளைக்கும்.

2018ல் அப்பா எங்களோடு ஒரு மாதம் தங்கியிருந்தார். அவரைக் கரையோரப் பூந்தோட்டம், விலங்குத் தோட்டம் என்று எல்லா இடத்துக்கும் கூட்டிப் போனோம். எதற்கும் "நல்லாருக்கு பாப்பா" என்பதோடு சரி. ஊருக்குக் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது சாங்கிக்குக் கூட்டிப் போனேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடந்தார். திருக்கை கிடந்தால் காலுக்கு அடியில் சிக்காமல் விலகிப் போகட்டும் என்று. கடற்புல் முளைத்த இடம் வந்ததும் நின்றுவிட்டார். கறிவேப்பிலை மாதிரி சின்னச் சின்ன நீள்வட்ட இலைகள். அந்தப் பச்சைக்கு நடுவே ஒரு சாண் அகலத்துக்குப் புல்லே இல்லாமல், யாரோ வழித்து எடுத்தது போல ஒரு தடம் வளைந்து வளைந்து போயிற்று.

"பாப்பா, இது ஆவுளியா மேஞ்ச தடம்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆவுளியா என்றால் கடற்பசு. எங்கள் ஊர்க் கடலில் அப்பா சிறுவனாக இருந்தபோது கூட்டமாகப் பார்த்த பிராணி. புல்லை வேரோடு பிடுங்கித் தின்றபடியே நகரும், பின்னால் இப்படி ஒரு கோடு விழும். சிங்கப்பூரில் அதை நேரில் காண்பது மிக அரிது. ஆனால் அது வந்து மேய்ந்துவிட்டுப் போவதற்கு இந்தத் தடம்தான் சாட்சி. அப்பா குந்தி உட்கார்ந்து அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். 2022ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தபோது நான் உடனே தொலைபேசியில் கூப்பிட்டேன். எடுத்ததும் அவர் கேட்டது, "அங்க உன் கரையில இன்னும் மேயுதா?" என்றுதான்.

அடுத்து உபின் தீவைச் சொல்லியாக வேண்டும். சாங்கிப் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் அக்கரை. தீவின் கிழக்கு முனையில் இருப்பது செக் ஜாவா. 2001ல் அந்த இடத்தை மண் கொட்டி நிலமாக்கத் திட்டம் இருந்தது. தகவல் தெரிந்ததும் இயற்கை ஆர்வலர்களும் தொண்டூழியர்களும் வத்தம் பார்த்து இறங்கி, அங்கே என்னென்ன வாழ்கிறது என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார்கள். பொதுமக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். அந்த டிசம்பரிலேயே அரசு திட்டத்தைத் தள்ளிவைத்தது. நிலத்துக்கு இவ்வளவு தட்டுப்பாடுள்ள ஒரு நாட்டில் நட்சத்திர மீனுக்காகவும் கடற்புல்லுக்காகவும் அப்படி ஒரு முடிவு எடுக்கப்பட்டதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அதற்குப் பிறகும் அந்தக் கரை ஒருமுறை தடுமாறியது. 2006 கடைசியில், 2007 தொடக்கத்தில் மலேசியாவின் ஜொகூரில் கொட்டிய பெருமழையின் நன்னீர் ஜொகூர் நீரிணைக்குள் வந்து உப்பு குறைந்ததால், செக் ஜாவாவில் ஏராளமான உயிர்கள் செத்தன. மெல்ல மெல்லத்தான் மீண்டது. இன்று மணலில் நம் இஷ்டத்துக்கு இறங்க அனுமதி இல்லை, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நடைபாலத்திலிருந்து பார்க்கலாம். அதுவே போதும். கண்டல் மரங்களுக்கு நடுவே போகும் பகுதியில் குனிந்து நின்றால், ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள நண்டுகள் அதை ஆட்டி ஆட்டிக் கூப்பிடும். நெய்தல் பாடல்களில் பெண்கள் நண்டைத் துரத்தி விளையாடுவதற்கு அலவன் ஆட்டல் என்று பெயர். என் மகள் அந்தச் சொல்லைப் பாடத்தில் படிப்பதற்கு முன்னாலேயே அந்த விளையாட்டைச் சாங்கி மணலில் ஆடிவிட்டாள்.

ஒரு வருத்தமும் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் வெளிநாடு போக முடியாததால் கரைக்குக் கூட்டம் வந்தது. வாளியும் மண்வெட்டியும் கொண்டுவந்து, கிடைத்ததையெல்லாம் அள்ளிப்போனார்கள். ஒருநாள் ஒரு வாளியில் ஏழெட்டு நட்சத்திர மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்ததைப் பார்த்து, அந்தக் குடும்பத்திடம் பேசி, பிள்ளைகளின் கையாலேயே திரும்ப விடவைத்தேன். பாருங்கள், படம் எடுங்கள், அங்கேயே விட்டுவிடுங்கள். கல்லைப் புரட்டினால் பழையபடி வைத்துவிடுங்கள், அதன் அடிப்பக்கம் ஒரு வீடு. கடற்புல்லை மிதிக்காமல் ஓரமாக நடங்கள்.

கால் முழுக்க மூடும் பழைய காலணி போட்டுக்கொள்ளுங்கள், கல்மீன் முள் குத்தினால் தாங்க முடியாது. விடிகாலையில் ரயில் இருக்காது, டாக்சிதான். திரும்பும்போது சாங்கி வில்லேஜ் உணவங்காடியில் சூடாக நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, கிடைக்கும். நாங்கள் அடுத்துப் போகப்போவது வரும் அமாவாசைக்கு மறுநாள், அன்று வத்தம் காலை 5.50க்கு. மகள் ஒரு நோட்டில் தாத்தா சொன்ன பெயர்களை எழுதி வைத்திருக்கிறாள். ஆவுளியாவுக்கு எதிரே மட்டும் இன்னும் படம் வரையவில்லை, தடத்தையாவது தானே கண்டுபிடித்த பிறகு வரைவாளாம்.