ஹாகி கிண்ணத்தில் டீக்கறை: ஏமாந்துவிட்டேனா?

கேள்வி: ஜப்பானில் ஹாகி ஊருக்குப் போனபோது, ஒரு குயவரிடமே நேரில் தேநீர்க் கிண்ணம் வாங்கினேன். இரண்டே மாதத்தில் உள்ளே முடி மாதிரி கோடுகள், அதில் டீக்கறை. அடியில் ஈரமும் கசிகிறது. ஏமாந்துவிட்டேனா? இன்னும் சில வாங்கிச் சேர்க்க ஆசை, எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: ஏமாறவில்லை, நீங்கள் பார்ப்பதுதான் ஹாகி. சூளை ஆறும்போது மேலே இருக்கும் கிளேஸ் (கண்ணாடி மாதிரியான பூச்சு) மண்ணைவிட அதிகமாகச் சுருங்குவதால் வலைபோல வெடித்துவிடும். ஹாகி மண் முழுதாக இறுகாத, நீர் உறிஞ்சும் மண் என்பதால் டீ அந்த வழியே உள்ளே இறங்கி வெளிர்நிறக் கிண்ணத்தை மெல்ல மெல்லப் பழுப்பாக்கும். 'ஹாகியின் ஏழு மாற்றங்கள்' என்று அங்கே இதற்குப் பெயரே உண்டு, அதற்காகவே வாங்குகிறவர்களும் நிறைய.

ஆனால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். வலைக்கோடு கிளேஸோடு நின்றுவிடும். விளிம்பிலிருந்து தனியாக ஒரு கோடு இறங்கி, உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரிந்து, நகத்தால் வருடினால் தட்டுப்பட்டால் அது விரிசல். தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள், ஹாகியில் அதை நம்பாதீர்கள், நல்ல கிண்ணமே மொத்தென்றுதான் சத்தம் போடும்.

கசிவுக்கு நம் வீட்டு வைத்தியமேதான். புது மண்சட்டியைப் பழக்குகிற மாதிரி அரிசி கழுவிய தண்ணீரில் போட்டுச் சிறு தீயில் கொதிக்கவிட்டு, அதிலேயே ஆறவிடுங்கள். ஜப்பானிலும் இதைத்தான் செய்கிறார்கள். நிறம் மாறுவது பிடித்தவர்கள் இதைச் செய்யாமலே விட்டுவிடுவதும் உண்டு. ஒவ்வொரு முறையும் டீ ஊற்றுமுன் சற்று நேரம் வெறும் தண்ணீரில் ஊறவைத்தால் கறை சீராக ஏறும். ரசம், எண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம், மைக்ரோவேவும் வேண்டாம்.

சரி, அடுத்தது வாங்கும்போது கிண்ணத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். (தேநீர்க் கிண்ணத்துக்கு ஜப்பானியப் பெயர் 'ச்சவான்'. முதல் எழுத்தைக் கொஞ்சம் நீட்டினால் தமிழில் விபரீதமாகிவிடும்.) கிளேஸ் படாத மண்ணும், சீவிய கையின் வேகமும், ஈரக் கிளேஸில் முக்கியபோது குயவர் பிடித்த விரல் தடமும் அடிவட்டத்தில்தான் தெரியும். அங்கே ஒரு வெட்டு இருந்தால் உடைசல் என்று நினைக்காதீர்கள். சாதாரண மக்களுக்கு விற்பதற்காக வேண்டுமென்றே ஊனப்படுத்தினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள், ஆனால் கொரியக் கிண்ணங்களிலேயே அந்த வெட்டு உண்டு. 1592இல் ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி கொரியாமீது தொடங்கிய படையெடுப்பின்போது கொண்டுவரப்பட்ட கொரியக் குயவர்கள்தானே 1604 வாக்கில் ஹாகியில் சூளை போட்டது!

அப்புறம் இரண்டு கைகளாலும் ஏந்திப் பாருங்கள். கண்ணுக்குக் கனமாகத் தெரிந்தது கையில் லேசாக இருந்தால் எனக்கு உடனே பிடித்துவிடும்.

பெரிய பெயர்களைத் துரத்தாதீர்கள். ஹாகியின் மிவா குயவர் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வரும் பெயர் கியூசெட்சு; 10ஆம், 11ஆம் கியூசெட்சு இருவருமே ஜப்பான் அரசின் 'வாழும் தேசியப் பொக்கிஷம்' பட்டம் பெற்றவர்கள், அவர்கள் பெயர்பெற்ற வெள்ளைக் கிளேஸ் நம் பட்ஜெட்டுக்கு வராது. இளம் குயவரிடம் வாங்குங்கள். ஆனால் மரப்பெட்டியைக் கேட்டு வாங்கிவிடுங்கள்; மூடியில் அவர் கையாலேயே மையில் எழுதிய பெயரும் சிவப்பு முத்திரையும் இருக்கும். நாளைக்கு விற்க நினைத்தால் பெட்டி இல்லாத கிண்ணத்துக்குப் பாதி விலைகூடக் கிடைக்காமல் போகலாம்.

அந்தப் பெட்டிக்குள் அவசரப்பட்டு வைக்காதீர்கள். துடைத்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், ஈரம் மண்ணுக்குள் இருக்கும். ஒரு ஐப்பசியில் நான் மறுநாளே மூடிவைத்து, பொங்கலுக்குத் திறந்தபோது பூஞ்சை வாடை மூக்கைத் துளைத்தது. மழைக்காலத்தில் நாலைந்து நாளாவது கவிழ்த்துக் காற்றாட வையுங்கள்.