சம்பள உயர்வை மறுக்க வேண்டுமா?

வணக்கம். சம்பள உயர்வு வந்தால் பட்ஜெட்டில் வரி கூட்டிய அடுத்த படிநிலைக்குள் போய்விடுவீர்கள், கையில் வருவது குறைந்துவிடும் என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். உயர்வை மறுத்துவிடாதீர்கள், தயவுசெய்து.

கூடுதல் வீதம் மொத்தச் சம்பளத்துக்கும் கிடையாது, வரம்பைத் தாண்டிய பகுதிக்கு மட்டும்தான். 10,00,000 வரை 20%, அதற்கு மேல் 30% என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 10,20,000 ஆனால் அந்த 20,000-க்குத்தான் 30%, அதாவது 6,000. மீதி 14,000 உங்களுக்கே.

நீங்கள் உண்மையில் பார்க்க வேண்டியது வேறு. குழந்தைக்கு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்குகிறீர்களா? சில சலுகைகள் வருமானம் ஒரு கோட்டைத் தாண்டியதும் மொத்தமாக நின்றுவிடும். அங்கேதான் குடும்பங்கள் நிஜமாகவே நஷ்டப்படுகின்றன. அந்தக் கோடு உங்கள் வருமானத்துக்கா, கணவன் மனைவி இருவருடையதும் சேர்த்தா என்பதை விதிகளில் படியுங்கள். பல நாடுகளில் ஓய்வூதியச் சேமிப்பில் போடும் தொகை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழியும். கொஞ்சம்தான் தாண்டுகிறது என்றால் அந்த வழி உதவலாம்.

அப்புறம், மனைவியின் கடைக்கு விற்பனை வரி கூடுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பட்ஜெட் உரையில் சொன்ன நாளிலிருந்தே எல்லாம் மாறிவிடாது. அமலுக்கு வரும் தேதியை உறுதிசெய்துவிட்டு விலைப்பட்டியலை மாற்றச் சொல்லுங்கள். ஏற்கெனவே முன்பணம் வாங்கிய ஆர்டர்களுக்கு எந்த வீதம் என்பதைக் கணக்காளரிடம் இப்போதே கேட்டுவிடுவது நல்லது.