டெக்சாஸில் பிஸ்டல் வாங்க நினைக்கும் குடியாத்தம் தம்பிக்கு

டாலஸில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு கூட ஆகாத தம்பி ஒருவர், விடுமுறையில் குடியாத்தம் போயிருக்கும் நேரத்தில் கேட்டிருக்கிறார்: "திரும்பி வந்ததும் வீட்டுப் பாதுகாப்புக்கு இரட்டை வரிசை மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) உள்ள பிஸ்டல் வாங்கலாம் என்றிருக்கிறேன். ஆயிரம் டாலர் அளவில் கிடைக்கும் துருக்கித் தயாரிப்பு போதுமா, 2,500 டாலர் கொடுத்து அமெரிக்கத் தயாரிப்பான ஸ்டக்காட்டோ வாங்க வேண்டுமா?"

தம்பி, நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. எனக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும். வேலைக்கான எச்-1பி, எல்-1, மாணவர் விசா, மனைவிக்குரிய எச்-4 ஆகியவற்றில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்தியச் சட்டம். 2022-ல் திருத்தியபின் இதற்கான தண்டனை 15 ஆண்டுகள் வரை போகலாம். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்று அலுவலக நண்பர்கள் சொல்வார்கள். அது மாநிலச் சட்டம். மத்தியத் தடையில் இருப்பவரை அது காப்பாற்றாது. நண்பரின் துப்பாக்கியைச் சுடுதளத்தில் ஐந்து நிமிடம் வாங்கிச் சுட்டாலும் சட்டத்தின் கண்ணில் அது கைவசம் வைத்திருந்ததுதான். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் குடியேற்ற நிலையைக் கேட்பார்கள். அதில் பொய் எழுதினால் அது தனிக் குற்றம்.

வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. அது உண்மையான விலக்குதான், பலர் பயன்படுத்துகிறார்கள். ஆனாலும் கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் ஒருவர், குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் அந்த வழியில் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. உரிமம் காலாவதியான மறுநாள் அதே துப்பாக்கி உங்களைக் குற்றவாளியாக்கிவிடும். வீட்டுக்காக ஊரில் கடன் வாங்கி விமானம் ஏறிய பிள்ளை இந்த ஒரு பொருளுக்காகத் திருப்பி அனுப்பப்படுவதை நான் பார்க்க விரும்பவில்லை. கிரீன் கார்டு கையில் இருந்தால் கவலை இல்லை, 21 வயது நிறைந்திருந்தால் கடையில் கைத்துப்பாக்கி வாங்கலாம். இனி எழுதுவது அப்படி இருப்பதாக வைத்துக்கொண்டுதான்.

நம் வேலூர்ப் பக்கம் துப்பாக்கி என்றால் வங்கி வாசல் காவலாளியின் தோளில் பார்த்தது. உரிமம் வேண்டுமானால் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் காத்திருக்க வேண்டும். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். 9 மி.மீ. பிஸ்டல் தனியாருக்குத் தடை செய்யப்பட்ட ரகம். அப்படி வளர்ந்த நமக்கு இங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கியிருப்பதைப் பார்த்தால் விலைச்சீட்டு மட்டும்தான் கண்ணில் படும்.

நீங்கள் கேட்கும் ரகத்தின் வேர் ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1911-ல் அமெரிக்க ராணுவம் ஏற்ற பிஸ்டல். அதன் மேகசினில் ஒரே வரிசையில் ஏழு தோட்டா. அதே அமைப்பில் கைப்பிடியை அகலமாக்கி, தோட்டாக்களை இரண்டு வரிசையாக நெருக்கி, பதினேழோ அதற்கு மேலோ 9 மி.மீ. தோட்டா பிடிக்கும்படி செய்ததைத்தான் கடையில் 2011 என்கிறார்கள். டெக்சாஸ் ஜார்ஜ்டவுனில் எஸ்டிஐ என்ற பெயரில் இயங்கிய நிறுவனம்தான் இன்றைய ஸ்டக்காட்டோ.

விலை வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், பொருத்துவதில். இரண்டு வரிசையாக ஏறும் தோட்டாக்கள் மேலே வரும்போது ஒற்றை வரிசையாகக் கூட வேண்டும். மேகசினின் வாய் சற்றே விரிந்திருந்தாலும் தோட்டா கோணலாக ஏறிச் சிக்கும். சுட்ட தோட்டாவின் கூட்டை இழுத்து வெளியேற்றும் கொக்கியின் இறுக்கமும் சரியாக இருக்க வேண்டும். குழலும் மேலே ஓடும் ஸ்லைடும் இடைவெளி இல்லாமல் பூட்ட வேண்டும். விலை உயர்ந்ததில் இவற்றைச் சரிபார்க்க ஆள் உழைத்திருக்கிறார். மலிவானதில் அந்த உழைப்பு குறைந்திருக்கிறது. நான் ஆம்பூர்க்காரன். ஒரே தோலில் தைத்த இரண்டு ஷூக்களில் ஒன்று ஏன் மும்மடங்கு விலை என்பதைத் தையலைத் திருப்பிப் பார்த்தே சொல்லிவிடுவோம். இதுவும் அப்படித்தான்.

அதனால் என் பதில் இரண்டில் ஒன்று இல்லை. முதல் துப்பாக்கியாக 2011 ரகமே வேண்டாம். சுட விரலால் இழுக்கும் அதன் விசை லேசானது, குறுகியது. சுத்தியலை இழுத்து, பாதுகாப்புப் பூட்டைப் போட்டு வைத்திருக்கும் முறை அதற்கு. பதற்றத்தில் அந்தப் பூட்டைத் தள்ளிவிடவும், சுட்டபின் மறக்காமல் போடவும் கை பழகியிருக்க வேண்டும். புதியவருக்கு கிளாக் 17 போன்றது ஏற்றது. 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்ற துப்பாக்கி அது. அதுவும் இரட்டை வரிசைதான், பதினேழு தோட்டா, விலை சுமார் 600 டாலர். கூடுதல் மேகசின் 30 டாலர் அளவில் கிடைக்கும்; 2011 ரகத்துக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும்.

மிச்சப்படும் பணம் எங்கே போக வேண்டும் என்பதில்தான் நான் பிடிவாதமாக இருக்கிறேன். முதலில் ஒரு நல்ல இரும்புப் பெட்டகம், பிறகு பயிற்சி வகுப்பு, பிறகு தோட்டா. ஆயிரம் 9 மி.மீ. தோட்டாவுக்குச் சுமார் 250 முதல் 300 டாலர் ஆகும். ஆயிரம் தோட்டா சுட்டுப் பழகியவரின் 600 டாலர் துப்பாக்கி, பெட்டியைப் பிரிக்காத 2,500 டாலர் துப்பாக்கியை விட வீட்டைக் காக்கும். பெட்டகத்தைத் தள்ளிப்போடாதீர்கள். குண்டு போட்ட துப்பாக்கியைப் பூட்டாமல் வைத்து அது 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கையில் கிடைத்தால் டெக்சாஸில் அது குற்றம். உங்கள் அக்கா பிள்ளைகள் வார இறுதியில் வருவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் சொல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன்.

பழகியபின் போட்டிகளில் சுடும் ஆசை வந்தால் அப்போது 2011 வாங்குங்கள், அப்போது நல்லதாகவே வாங்குங்கள். துருக்கித் தயாரிப்பை எடுப்பதானால் சில நூறு தோட்டா சுட்டுச் சிக்கல் இல்லை என்று தெரிந்த பிறகே வீட்டுக் காவலுக்கு நம்புங்கள். வேலை மாறி நியூ ஜெர்சிக்கோ கலிபோர்னியாவுக்கோ போகும் வாய்ப்பிருந்தால் இன்னும் யோசியுங்கள். அங்கே மேகசினில் பத்துத் தோட்டாவுக்கு மேல் கூடாது, நீங்கள் காசு கொடுத்த இரட்டை வரிசையில் பாதி வீண்.

இன்னொன்று, சுடுதளத்துக்குக் கொண்டுபோகும் பையைத் தனியாக வையுங்கள். அதே பையில் துணி அடுக்கி ஊருக்குக் கிளம்பாதீர்கள். மடிப்பில் மறந்த ஒரே ஒரு தோட்டா சென்னை விமான நிலையத்தில் அகப்பட்டாலும் ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும். துப்பாக்கி இல்லை, தோட்டாதானே என்று சொல்லித் தப்ப முடியாது. இப்போது நீங்கள் ஊரிலிருந்து புறப்படும் பெட்டியில் அந்தப் பயம் இல்லை. அடுத்த முறை கிளம்பும்போது ஒவ்வொரு பையையும் தலைகீழாகக் கவிழ்த்து உதறிவிட்டு அடுக்குங்கள்.