எடிசன் சொன்னதாக உலவும் பொன்மொழிகளில் எவற்றை நம்பி அச்சிடலாம்?

எடிசன் பெயரில் சுற்றும் வாசகங்களில் எவை உண்மையில் அவருடையவை, பள்ளி ஆண்டுமலரில் போடுவதற்கு முன் எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வியாசர்பாடியில் ஒரு படிப்பகத்தில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். அங்கே சுவரில் எழுதுவதற்காக இதே வேலையைச் செய்ய வேண்டி வந்ததால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு வாசகத்தைக் கண்டதும் அது உண்மையா, பொய்யா என்று மட்டும் கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். அது அவர் வாயிலிருந்து புறப்பட்டு ஏட்டில் ஏறுவதற்குள் எத்தனை பேரைக் கடந்தது, எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கேட்க வேண்டும். எடிசன் 1847-இல் பிறந்து 1931-இல் மறைந்தவர். வாழ்ந்த காலத்திலேயே நாளிதழ்கள் தேடித் தேடிப் பேட்டி எடுத்த மனிதர். அவருடைய குறிப்பேடுகள், கடிதங்கள், கணக்குத் தாள்கள் என்று சுமார் 50 லட்சம் பக்கங்கள் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் தேர்ந்தெடுத்த ஒரு பகுதியை அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் தொகுத்து இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. இவ்வளவு பதிவுகளை விட்டுச் சென்ற ஒருவர் சொன்னதாக வரும் வாசகம், அவர் மறைந்து பல பத்தாண்டுகள் வரை எந்த அச்சிலும் தலைகாட்டவில்லை என்றால், அதை ஐயத்தோடு பார்ப்பதே முறை.

எல்லோருக்கும் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். “நான் தோற்கவில்லை, பல்பு எரியாத பத்தாயிரம் வழிகளைக் கண்டுபிடித்தேன்” என்பது அவர் சொன்னபடி அமைந்த வாக்கியம் அன்று, ஆனால் அதன் வேர் உண்மையானது. ஃபிராங்க் டையர், தாமஸ் மார்ட்டின் ஆகிய இருவரும் 1910-இல், எடிசன் உயிரோடு இருக்கும்போதே, வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் அவருடைய உடன் பணியாளர் வால்டர் மேலரி ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். பேச்சு பல்பைப் பற்றியதே இல்லை. நிக்கல்-இரும்பு மின்கலத்துக்கான ஆராய்ச்சி பற்றியது. மேலரி உள்ளே போனபோது, ஏறத்தாழ மூன்றடி அகலமும் பன்னிரண்டு, பதினைந்தடி நீளமும் கொண்ட ஒரு மேசையில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னச் சோதனைக் கலங்கள் பரப்பிக் கிடக்க, எடிசன் அதனருகே உட்கார்ந்திருந்தார். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் அதற்குள் முடிந்திருந்தன. இத்தனை உழைத்தும் பலன் ஒன்றும் கிடைக்கவில்லையே என்று மேலரி வருந்தியபோது எடிசன் சட்டென்று திரும்பி, சிரித்துக்கொண்டே, “பலனா? எனக்கு ஏராளமான பலன் கிடைத்திருக்கிறதே! உதவாத பொருள்கள் பல ஆயிரம் எவை எவை என்று எனக்கு இப்போது தெரியும்” என்றார். நேரில் கேட்டவர் சொன்ன சாட்சியம் இது. சுவரொட்டி வாசகத்தைவிட இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஏனென்றால் இதில் தோல்வியைப் பற்றிய தத்துவம் எதுவும் இல்லை. மேசை நிறைய மின்கலங்களை வைத்துக்கொண்டு, செய்த வேலைக்குக் கணக்குச் சொல்லும் ஒரு தொழிலாளியின் குரல் இருக்கிறது. ஆண்டுமலரில் இதையே, மேலரியின் பெயரோடு, போடுங்கள்.

“மேதைமை என்பது ஒரு விழுக்காடு உள்ளெழுச்சி, 99 விழுக்காடு வியர்வை” என்பதும் ஏறக்குறைய இதே வகைதான். 1898-இல் ஓர் அமெரிக்க மாத இதழில் அவர் சொன்னதாக வந்த கணக்கு இரண்டும் தொண்ணூற்றெட்டும். ஒன்றும் தொண்ணூற்றொன்பதுமாக நாம் அறிந்த வடிவத்தை, அவரிடம் வேலை பார்த்த ரோசனாஃப் என்ற வேதியியலாளர், எடிசன் மறைந்த அடுத்த ஆண்டு, 1932-இல், தம் நினைவுக் கட்டுரையில் எழுதினார். கருத்து அவருடையது என்பதில் ஐயமில்லை. ஆண்டைக் குறிப்பிட்டு எதைப் போட்டாலும் தகும்.

நம் ஊரில் மிகுதியாகப் பரவியிருப்பது ஆசிரியர் கொடுத்த கடிதத்தின் கதை. “உங்கள் மகன் மேதை, அவனுக்குக் கற்பிக்கும் அளவுக்கு எங்கள் பள்ளிக்குத் தகுதி இல்லை” என்று தாய் கண்ணீரோடு படித்துக் காட்டியதாகவும், அவர் இறந்த பின் அலமாரியில் கிடைத்த அந்தக் கடிதத்தில் மகன் மூளை வளர்ச்சி இல்லாதவன் என்று எழுதியிருந்ததாகவும் வாட்ஸ்அப்பில் வரும். பெற்றோர் கூட்டங்களில் பேச்சாளர்கள் சொல்ல, அரங்கமே கண் கலங்கும். இந்தக் கதை நடந்திருக்கவே முடியாது. எடிசனே பேட்டியில் சொன்னது வேறு. போர்ட் ஹியூரன் ஊர்ப் பள்ளியில், இவன் மூளை குழம்பியவன், இனி வைத்திருந்து பயனில்லை என்று ஆசிரியர் பள்ளி ஆய்வாளரிடம் சொன்னதை அந்தச் சிறுவன் தன் காதாலேயே கேட்டான். அழுதுகொண்டே வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னவனும் அவனேதான். அப்படியிருக்க, பின்னாளில் அலமாரியைத் திறந்து தெரிந்துகொள்வதற்கு அதில் என்ன இரகசியம் இருந்திருக்கும்?

அந்தத் தாய் நான்சி செய்தது என்ன தெரியுமா? மகனை அழைத்துக்கொண்டு நேரே பள்ளிக்குப் போய், “உமக்கு இருப்பதைவிட இவனுக்கு மூளை அதிகம்” என்று ஆசிரியரிடமே சினந்து சொல்லிவிட்டு, வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். அவரும் முன்பு ஆசிரியராக இருந்தவர். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தை முடித்துவிட்டு, கூடையோடு தலைமையாசிரியர் அறை வாசலில் வந்து நின்று பிள்ளைக்காக வாதாடுகிற அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். பொய்க் கடிதம் படிக்கும் தாயைவிட, சண்டைக்குப் போன இந்தத் தாயை அவர்களுடைய பிள்ளைகள் அறிந்துகொள்வது எவ்வளவோ மேல் என்று மனதார நம்புகிறேன்.

முழுக்கவே ஆதாரமற்றவையும் உண்டு. செயல் இல்லாத தொலைநோக்கு வெறும் பிரமை என்ற வாசகம் எடிசன் பெயரிலும் வரும், ஹென்றி ஃபோர்டு பெயரிலும் வரும். ஒரே வாசகத்துக்கு இரண்டு, மூன்று உரிமையாளர்கள் இருந்தாலே எச்சரிக்கையாக வேண்டும். வாய்ப்பு என்பது வேலை உடுப்பு அணிந்து, உழைப்பைப் போலத் தோன்றுவதால்தான் பலர் அதைத் தவறவிடுகிறார்கள் என்பது 1920-களில் பெயரே இல்லாத துணுக்காக அச்சில் வந்தது. எடிசன் பெயர் அதில் ஒட்டிக்கொண்டது அவர் மறைந்து நெடுங்காலம் கழித்து. எங்கள் படிப்பகத்துப் பிள்ளைகள் பலருடைய அப்பாக்கள் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவர்கள் என்பதால் அந்த வரியை விட அவர்களுக்கு மனமில்லை. சுவரில் நூல் பிடித்துச் சாக்பீஸ் கோடு போட்டு வரியை எழுதி முடித்த பெயிண்டர், “சார், பேரு போடணுமா, வோணாமா? சொல்லு சார், பெயிண்ட் காயுது” என்றார். பெயர் இல்லாமலே எழுதச் சொன்னேன். வரி நன்றாகத்தான் இருக்கிறது. அது எடிசனுடையது என்று மட்டும் சொல்லக்கூடாது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. உண்மையாகச் சிந்திக்கும் உழைப்பிலிருந்து தப்ப மனிதன் கையாளாத உபாயமே இல்லை என்ற வாசகத்தை எடிசன் தம் ஆய்வுக்கூடத்தில் எழுதி மாட்டியிருந்தார். அதன் மூலம், ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1784-இல் ஆற்றிய உரை. பலகையில் ரெனால்ட்ஸ் பெயரை எடிசன் போட்டிருந்தும், மேற்கோள் பக்கங்கள் அதை எடிசனுக்கே கொடுத்துவிட்டன.

நீங்களே தேடுவதானால் தமிழ் வாசகத்தைத் தேடாதீர்கள். ஆங்கில வடிவத்தை மேற்கோள் குறிக்குள் இட்டு, கூகுள் புக்ஸில் 1931-க்கு முன் என்று காலத்தை வரையறுத்துத் தேடுங்கள். மேற்கோள் தொகுப்புத் தளங்களை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். எந்த இதழ், எந்த ஆண்டு, யாரிடம் சொன்னது என்ற மூன்றும் கிடைத்தால் அச்சிடலாம்.

கடைசியாக, நீங்கள் அனுப்பிய பட்டியலில் சூரிய ஆற்றலைப் பற்றிய வாசகமும் இருக்கிறது: என் பணத்தைச் சூரியன்மீது போடுவேன், எண்ணெயும் நிலக்கரியும் தீரும்வரை காத்திருக்க மாட்டோம் என்று நம்புகிறேன் என்பது. எடிசனை நேரில் அறிந்த ஜேம்ஸ் நியூட்டன் என்ற நண்பர் 1987-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில் இது வருகிறது. அதாவது எடிசன் மறைந்து 56 ஆண்டுகள் கழித்து. நியூட்டன் பொய் சொன்னார் என்று எண்ணக் காரணமில்லை, ஆனால் அவ்வளவு காலம் ஒருவர் நினைவில் இருந்த பேச்சைச் சொல்லுக்குச் சொல் எடிசனுடையது என்று அச்சிட முடியாது. மேற்கோள் குறிகளை எடுத்துவிட்டு, “எடிசன் இவ்வாறு கூறியதாக அவருடைய நண்பர் நியூட்டன் 1987-இல் நினைவுகூர்ந்தார்” என்று போடுங்கள்.