சாப்பிட்டா லோ, பசிக்கறப்ப ஹை: அம்மாவோட சுகருக்கு என்னதான் ஆச்சு?

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்கம்மாவுக்கு 59 வயசு, 18 வருஷமா சுகர், காலைலயும் ராத்திரியும் இன்சுலின் போடறோம். கொஞ்ச மாசமா சுகர் என்ன பண்ணுதுன்னே புரியலீங்க. காலைல இன்சுலின் போட்டு இட்லி சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல 58 காட்டுது, அதே நாள் மதியம் சாப்பிடறதுக்கு முன்னாடி பாத்தா 310. ரெண்டு இட்லிக்கு மேல இறங்க மாட்டேங்குது, ராத்திரி சாப்பிட்டது காலைல ஏப்பத்துல வருதுங்கறாங்க. படுத்து எந்திரிச்சா கண்ணு இருட்டுது. தயிர்சாதம் சாப்பிட்டாக்கூட நெத்திலயும் கழுத்துலயும் வேர்வை ஊத்துது. காட்டற ஆஸ்பத்திரில ஒளிச்சு வெச்சு ஸ்வீட் சாப்பிடறாங்கன்னு சொல்லி டோஸை ஏத்தி விட்டுட்டாங்க, அம்மா வீட்டுக்கு வந்து அழுதாங்க. யாரைப் போய் பாக்கறது, என்னன்னு கேக்கறது?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: முதல்ல அம்மாகிட்ட சொல்லிடுங்கம்மா, அவங்க மேல எந்தத் தப்பும் இல்லன்னு. நீங்க எழுதியிருக்கறது எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம்தான் கை காட்டுது. ரொம்ப வருஷம் சுகர் இருந்தா கால் நரம்பு கெடற மாதிரியே, நாம சொல்லாம தானா வேலை பாக்கற நரம்புங்களும் கெடும், பிபி, இதயத்துடிப்பு, வயிறு, வேர்வை எல்லாம் அதுங்க கையிலதான் இருக்கு, அட்டானமிக் நியூரோபதின்னு பேரு. சாப்பிடும்போது முகத்துலயும் கழுத்துலயும் ஊத்துற வேர்வை இதுக்கு ரொம்ப முக்கியமான அடையாளம். காரத்தாலன்னு நினைச்சு பெரும்பாலானவங்க டாக்டர்கிட்ட சொல்றதே இல்ல, நீங்க கவனிச்சு எழுதினது ரொம்ப நல்லது.

வயித்தை சுருக்கித் தள்ளுற நரம்பு மந்தமானா சாப்பாடு குடலுக்கு இறங்க ரொம்ப நேரமாகும், இது கேஸ்ட்ரோபரேசிஸ். இன்சுலின் அது டைமுக்கு வேலையை ஆரம்பிச்சிடும், இட்லி வயித்துலயே கிடக்கும், அதான் 58. அப்புறம் இன்சுலின் வேகம் அடங்கின நேரத்துல சாப்பாடு மெல்ல இறங்கும், 310. அந்த 310-ஐ மட்டும் பாத்து டோஸை ஏத்தினா லோ இன்னும் மோசமாத்தான் ஆகும். போதாக்குறைக்கு சுகர் ஏறினாலே வயிறு இன்னும் மந்தமாகும்.

எனக்கு பெரிய கவலையே வேற. 58 காட்டினப்ப அம்மாவுக்கு கை நடுங்குச்சா, படபடன்னு இருந்துச்சா? ஒண்ணுமே தெரியலன்னா அதை டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. அடிக்கடி லோ ஆகறவங்களுக்கு அந்த எச்சரிக்கையே வராம போயிடும், பிபிக்குக் குடுக்கற பீட்டா பிளாக்கர் மாத்திரையும் அதை மறைக்கும். சில வாரம் லோவே ஆகாம பாத்துக்கிட்டா நிறைய பேருக்கு அந்த உணர்வு திரும்ப வருது.

எண்டோகிரைனாலஜி டிஎம், அதாவது ஹார்மோன், சுகருக்கான மேல்படிப்பு முடிச்ச டாக்டரைப் பாருங்க. வேலூர் சிஎம்சில அதுக்குத் தனி டிபார்ட்மென்ட் இருக்கு, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைல சுகருக்குன்னே தனி இன்ஸ்டிடியூட் இருக்கு. போறதுக்கு முன்னாடி வீட்டு பிபி மெஷின்ல, அம்மாவை 5 நிமிஷம் படுக்க வெச்சு ஒரு தடவை, நிக்க வெச்சு 1 நிமிஷத்துலயும் 3 நிமிஷத்துலயும் எடுத்து எழுதிக்குங்க, பக்கத்துல பிடிச்சுக்க ஆள் இருக்கட்டும். நின்னதும் மேல் அளவு 20 இல்லன்னா கீழ் அளவு 10 குறைஞ்சா அது சாதாரண தலைசுத்தல் இல்லம்மா. கையில ஒட்டற சுகர் சென்சார் போடலாமான்னு கேளுங்க, ரெண்டு வாரம் ராத்திரி பகல் ஏத்த இறக்கம் மொத்தமும் அதுல வந்துடும், ஒளிச்சு சாப்பிடறாங்கங்கற பேச்சுக்கு அங்கயே பதில் கிடைச்சுடும்.

வயித்துக்கு முதல்ல எண்டோஸ்கோபி, அடைப்பு இல்லன்னா கேஸ்ட்ரிக் எம்ப்டியிங் ஸ்கேன். துளி கதிரியக்க மருந்து கலந்த சாப்பாடு குடுத்து 4 மணி நேரம் வரைக்கும் படம் எடுப்பாங்க, கடைசியில 10 சதவீதத்துக்கு மேல தங்கியிருந்தா வயிறு மந்தம்னு அர்த்தம். நரம்பு டெஸ்ட்டுக்கு இசிஜி மாட்டி நிமிஷத்துக்கு 6 மூச்சு விடச் சொல்லி துடிப்பு எவ்வளவு மாறுதுன்னு பாப்பாங்க, பெங்களூரு நிம்ஹான்ஸ்ல இதுக்குன்னு லேப் இருக்கு. இது எதுவும் இல்லன்னு வந்தாலும் விட்டுடாதீங்க, ஊசி போடற இடத்துல கட்டி, கிட்னிக்கு கிரியேட்டினின், காலைல கார்டிசால்ங்கற ஹார்மோன், வைட்டமின் பி12 எல்லாம் பாக்கணும். செமாகுளுடைட், லிராகுளுடைட் மாதிரி சுகர் மருந்து போட்டா அதுவும் வயித்தை மெதுவாக்கும், சீட்டு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க.

இன்சுலின் நேரத்தை மாத்தறது, பிரிச்சுப் போடறதெல்லாம் டாக்டர் முடிவு பண்ணட்டும், நீங்களா மாத்தாதீங்க. ஆனா இந்த லோவைச் சொல்ல அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம நாளைக்கே இப்ப காட்டற டாக்டருக்குப் போன் பண்ணி டோஸ் கேளுங்க. 70-க்குக் கீழ போனா பிஸ்கட் வேண்டாம், அது வயித்துலயே நிக்கும். 15 கிராம் குளுக்கோஸ் பவுடரை தண்ணில கரைச்சுக் குடுத்து 15 நிமிஷத்துல மறுபடி பாருங்க, நினைவு தப்பினா வாயில எதுவும் ஊத்தாம 108-க்குக் கூப்பிடுங்க.