வண்டி பேரச் சொல்லி பெல்ட் கேக்காதீங்க (கேள்வி பதில்)

மதுரை பழங்காநத்தத்துல பட்டறை வச்சு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இந்த தடவை வந்த கேள்வி பூராம் வண்டி என்ஜின்ல ஓடுற பெல்ட்டப் பத்தித்தான் இருக்கு. பதில் சொல்றேன், பொறுமையா படிங்க.

திருமங்கலத்துல இருந்து: அண்ணே, பழைய ஜீப்புல வேற டீசல் என்ஜின் ஏத்தி பேட்டரிய சார்ஜ் பண்ண பெரிய ஆல்டர்னேட்டரும் போட்டுருக்கேன். கடையில மூணு பெல்ட் வாங்கிட்டேன், ஒண்ணு தொளதொளன்னு இருக்கு, மத்த ரெண்டும் ஏறவே இல்ல. எப்படித்தான் அளவு பாக்குறது?

தம்பி, நீங்க கடையில ஜீப்பு பேரச் சொல்லி கேட்டுருப்பீங்க, கடைக்காரரும் புக்கப் பாத்து குடுத்துருப்பாரு, ஆனா உங்க என்ஜின் அந்த புக்குல கிடையாதுல்ல. இனிமே நம்பரச் சொல்லி கேளுங்க. உள்பக்கம் நீளவாக்குல வரி வரியா இருக்குற ரிப் பெல்ட் முதுகுல 6பிகே1255ன்னு போட்டுருந்தா 6 வரி, 1255 மில்லிமீட்டர் நீளம்னு அர்த்தம், பிகேங்குறது வரியோட வகை, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் 3.56 மில்லிமீட்டர். இம்போர்ட் பெல்ட்டுல கே060495ன்னு இருந்தா அதே 6 வரி, 49.5 இன்ச், கணக்குப் போட்டா கிட்டத்தட்ட அதே 1255தான் வரும்.

அளவெடுக்க நைலான் கயிறு வேணாம், இழுத்தா நீளும். நான் செய்யுறது இதுதான், பட்டறையில கெடக்குற பழைய நீள பெல்ட் ஒண்ணு, உதாரணத்துக்கு 6பிகே1500, அத குறுக்க வெட்டிட்டு பெல்ட் போற வழியிலயே எல்லா புல்லியிலயும் சுத்தி இழுத்துப் பிடிங்க, ரெண்டு முனையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற இடத்துல சாக்பீஸ்ல கோடு போடுங்க, ஏறி நிக்கிறது 245ன்னா 1500ல கழிச்சுருங்க, 1255, முடிஞ்சது. பள்ளத்துல பெல்ட் எவ்வளவு உக்காருதுங்குற கணக்கெல்லாம் இதுல தானா சரியாயிரும்.

முக்கியமா ஒண்ணு, ஆல்டர்னேட்டர் எங்க நிக்கிறப்ப அளக்குறீங்கங்குறதுலதான் எல்லாரும் கோட்ட விடுறாங்க. ஆட்டோ டென்ஷனர், அதாவது பெல்ட்ட ஸ்பிரிங்ல தானா இழுத்துப் பிடிக்கிறது இருந்தா, அதோட ஆர்ம அது நகர்ற தூரத்துல நடு மத்தியில நிறுத்தி அளங்க. போல்ட்டுல இழுத்து டைட் பண்ற பிராக்கெட்னா ஆல்டர்னேட்டர உள்ள முழுசா தள்ளி ஒரு அளவு, வெளிய முழுசா இழுத்து ஒரு அளவு எடுத்துக்கிட்டு, உள் அளவ விட கொஞ்சம் கூட இருக்குற பெல்ட்டா பாத்து வாங்குங்க, அப்பத்தான் நெம்பாம ஏறும், பெறகு இழுக்கவும் இடம் மிஞ்சும். ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்பி ஏத்துனா உள்ள இருக்குற நூல் அறுந்துரும், வெளிய ஒண்ணும் தெரியாது. பேட்டரி நெகட்டிவ கழட்டிட்டு கை வைங்க தம்பி, விரல் போனா வராது.

என்ஜின் மாத்துனத ஆர்டிஓ ஆபீஸ்ல சொல்லி ஆர்சியில ஏத்திட்டீங்களா? மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுல வர்ற விஷயம் அது, விட்றாதீங்க.

உசிலம்பட்டியில இருந்து: ஏசி வேணாம்னு கம்ப்ரஸர கழட்டிட்டேன். சின்ன பெல்ட்டா போட்டா போதுமா?

போதும்னு ஒரே வார்த்தையில சொல்ல முடியாது. கம்ப்ரஸர் இருந்த இடத்த விட்டுட்டு நேரா இழுத்தா வாட்டர் பம்ப்பையோ என்ஜின் சுத்துற கிராங்க் புல்லியையோ பெல்ட் பாதி கூட சுத்தாம போயிரும், பிடிப்பு இல்லாம வழுக்கும், நம்ம சித்திரை வெயில்ல வாட்டர் பம்ப் வழுக்குனா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. இன்னொண்ணு, பெல்ட்டோட வரிப்பக்கம் சுத்துற புல்லி ஒரு திசை, முதுகுப்பக்கம் சுத்துறது எதிர்த் திசை. வழிய மாத்துறப்ப வாட்டர் பம்ப் தலைகீழா சுத்திறாம பாத்துக்கிருங்க. கம்ப்ரஸர் இடத்துலயே அதே அளவு ஐட்லர் புல்லி, அதாவது எதையும் ஓட்டாம சும்மா சுத்துற புல்லி ஒண்ணு போட்டீங்கன்னா பழைய பெல்ட்டே ஏறும், என் ஓட்டு அதுக்குத்தான்.

மேலூர்ல இருந்து: ஆல்டர்னேட்டர் புல்லிய லேத்துல குடுத்து விட்டத்துல 10 மில்லிமீட்டர் சின்னதா பண்ணிட்டேன், பெல்ட் எவ்வளவு குறையணும்?

பெல்ட் அந்த புல்லிய பாதி சுத்துதுன்னா குறைஞ்சதுல ஒன்றரை மடங்குக்கு கொஞ்சம் மேல, அதாவது சுமார் 16 மில்லிமீட்டர். பிராக்கெட்டுல இழுக்க இடம் இருந்தா பழைய பெல்ட்டே ஓடும், முதல்ல அத பாருங்க.

வாடிப்பட்டியில இருந்து: மோட்டார் பம்ப்புக்கு வாங்குன ஏ42 வி பெல்ட் கார்ல போடலாமா? அகலம் ஒண்ணாத்தான் இருக்கு.

அகலம் 13 மில்லிமீட்டர், அது சரிதான், ஆனா நம்பர் ஏமாத்தும். ஏ42ல 42ங்குறது உள்சுத்து இன்ச், 1067 மில்லிமீட்டர். 13 மில்லிமீட்டர் அகல கார் பெல்ட்டுல ஏவிஎக்ஸ்13ன்னு போட்டு அதுக்குப் பக்கத்துல போடுற நம்பர் வெளிச்சுத்து. 8 மில்லிமீட்டர் கனத்துக்கு வெளிச்சுத்து 50 மில்லிமீட்டர் கூடிரும், ஆக ஏ42க்கு ஈடு 1117 பக்கம், 1067ன்னு கேட்டு வாங்குனா ஏறாது. அதோட சாதா துணி சுத்துன பம்ப் பெல்ட் சின்ன ஆல்டர்னேட்டர் புல்லியில வளைஞ்சு வளைஞ்சு சூடாகி சீக்கிரம் போயிரும், உள்பக்கம் பல்லு வெட்டுன பெல்ட்டா வாங்குங்க. பெல்ட்டுக்கு நாம எங்கயும் அலைய வேண்டியதில்ல, கோச்சடையிலயே ஃபென்னர் பாக்டரி இருக்குற ஊரு இது.

அனுப்பானடியில இருந்து: புது பெல்ட், அளவும் சரி, ஆனா கிய்யு கிய்யுன்னு கத்துது.

என்ஜின் ஐட்லிங்ல ஓடுறப்ப கைய எட்ட வச்சு வரிப்பக்கம் லேசா தண்ணி பீச்சிப் பாருங்க. சத்தம் அடங்கி கொஞ்ச நேரத்துல திரும்ப வந்தா புல்லி நேர்கோட்டுல இல்ல, சத்தம் கூடுனா பெல்ட் தொய்வு. நேர்கோடு பாக்க ஸ்டீல் ஸ்கேல கிராங்க் புல்லி முகத்துல ஒட்ட வைங்க, ஒரு அடி தூரத்துக்கு அரை நூலுக்கு (சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்) மேல விலகுனா வாஷர் போட்டோ லேத்துல குடுத்தோ சரி பண்ணணும். மாத்தி வச்ச பிராக்கெட்டுல பாதிக்கு மேல இதுதான் கோளாறு. பவுடர், சோப்பு, மெழுகு எதுவும் தேய்க்காதீங்கம்மா, கெஞ்சிக் கேக்குறேன்.

சோழவந்தான்ல இருந்து: என்ஜின் வால்வ நேரத்துக்கு திறந்து மூட வைக்கிற டைமிங் பெல்ட்டையும் இப்படி வெட்டுன பெல்ட்ட வச்சு அளக்கலாமா?

கூடவே கூடாது. அங்க பல்லு எண்ணிக்கை, பல்லு வடிவம், அகலம் மூணும் அந்த என்ஜின் கம்பெனி சொன்னபடி இருக்கணும். ஒரு பல்லு தப்புனாலே ஓட்டம் கெட்டுரும், பெரிசா தப்புனா சில என்ஜின்ல வால்வுல பிஸ்டன் இடிச்சிரும்.

திருப்பரங்குன்றத்துல இருந்து: புது வி பெல்ட் எவ்வளவு டைட் வைக்கணும்ணே?

நீளமான பக்கத்துல கட்டவிரல்ல அழுத்துனா 10 மில்லிமீட்டர் பக்கம் இறங்கணும். புதுசு கொஞ்சம் ஓடுனதும் தொய்யும், ஒரு வாரம் ஓட்டிட்டு என்ஜின் ஆறுன பெறகு மறுபடி அழுத்திப் பாத்து இழுத்து விடுங்க.